த்சுகாரு ஷாமிசெனும் அவோமோரி இசைக்குழுக்களும்: கேட்க, புரிந்துகொள்ள, வாசிக்க (நீள் இழை)

வடகாற்று:
ஜப்பானின் ஹொன்ஷூ தீவின் வட முனையில் இருக்கிறது அவோமோரி மாவட்டம். அதன் மேற்குப் பாதிக்குப் பழைய பெயர் த்சுகாரு. ஹிரோசாகி, கோஷோகவாரா, கனாகி எல்லாம் இங்கேதான். வயலும் ஆப்பிள் தோட்டமும், நடுவே தனியாக எழுந்து நிற்கும் இவாகி மலையும். டோக்கியோக்காரர்களுக்கு இது சுத்தப் பட்டிக்காடு. ஆனால் ஜப்பானிய மரபிசையில் இன்று இளைஞர்கள் விரும்பிக் கையில் எடுப்பது இந்தப் பட்டிக்காட்டு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தைத்தான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்களெல்லாம் "பனிப்புயலின் ஓசை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது, விளக்கமாக இல்லை. கியோட்டோவிலும் டோக்கியோவிலும் அதே மூன்று தந்தி மெல்லப் பேசும்போது இங்கே மட்டும் ஏன் பறை மாதிரி அடிக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாத்தியத்தின் பாகங்கள், சுருதி கூட்டும் முறை, இந்த மண்ணிலிருந்து வந்த ராக் குழுக்கள் எல்லாவற்றையும் பேசலாம்.

பழையதட்டு:
பனி எங்கும்தான் பெய்கிறது. அகிதாவிலும் நீகாதாவிலும் ஆள் உயரத்துக்குக் கொட்டுகிறது. காரணத்தைப் பிழைப்பில் தேட வேண்டும்.

இதை முதலில் வாசித்தவர்கள் பார்வையற்ற ஆண்கள். ஊர்ப்பேச்சில் அவர்களுக்குப் "போசாமா" என்று பெயர். எடோ காலத்தில் (1603–1868) பார்வையற்ற ஆண் இசைக்காரர்களுக்கு தோதோசா என்ற சங்கம் இருந்தது. பட்டமும் பாதுகாப்பும் அதன் வழியாகத்தான் கிடைத்தன. 1871ல் மெய்ஜி அரசு அதைக் கலைத்தது. த்சுகாருவின் ஏழைப் போசாமாக்களுக்கு அந்தச் சங்கத்தில் பெரிய இடம் எப்போதும் இருந்ததில்லை. வீட்டு வாசலில் நின்று வாசித்து அரிசியோ காசோ வாங்குவது ஒன்றே வழி. இதற்குக் "கதோசுகே" என்று பெயர். வட்டார வழக்கில் பிச்சைக்காரனை "ஹொய்தோ" என்பார்கள். போசாமாவையும் அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள்.

இப்போது யோசியுங்கள். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே நிற்பவனின் முதல் நான்கு அடியிலேயே அவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்த தெருவில் இன்னொரு போசாமா வந்துகொண்டிருக்கிறான். ஓசை பெரிதாகாமல் என்ன செய்யும்? கதவை அடைக்க வைத்தது வேண்டுமானால் பனி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாணியைத் தொடங்கியவராக இன்று சொல்லப்படுபவர் நிதாபோ (1857–1928). கனாகிப் பக்கத்துக்காரர், படகோட்டியின் மகன். சிறுவயதில் அம்மையில் பார்வை போனது. இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்தவர் ஆய்வாளர் தாய்ஜோ கசுவோ. நிதாபோவின் வாசிப்பைக் கேட்க வழியில்லை. அதனால் "இப்படித்தான் வாசித்தார்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய கடைசிச் சீடர் ஷிராகாவா குன்பச்சிரோ (1909–1962), அதே கனாகிக்காரர். மேடையில் பெயர் வாங்கியவர் அவர்தான்.

இன்னொன்று, "த்சுகாரு ஷாமிசென்" என்ற பெயரே போருக்குப் பிறகுதான் பரவியது. அதுவரை இது பாட்டுக்குப் பின்னால் வரும் கருவி மட்டும்.

மூன்றுதந்தி:
பழையதட்டு சார் சொன்னதை வாத்தியத்தின் உடம்பிலேயே பார்க்கலாம்.

ஷாமிசென் கழுத்தின் பருமனை வைத்து மூன்று வகை: ஹொசோசாவோ (மெலிந்தது), சூசாவோ (நடுத்தரம்), ஃபுதோசாவோ (பருத்தது). த்சுகாருவுக்குப் பருத்த கழுத்து. பொம்மலாட்டக் கதைப்பாட்டான கிதாயுவுக்கும் அதே வகைதான், ஆனால் மற்ற பாகங்கள் வேறு. மொத்த நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். கழுத்து மூன்று துண்டாகக் கழலும்.

நல்ல கழுத்து "கோகி" மரத்தில் செய்வார்கள். அது வேறொன்றுமில்லை, நம் செம்மரம். சேஷாசலம் காட்டிலிருந்து கடத்தினார்கள் என்று வாரம் ஒரு செய்தி வருகிறதே, அதே மரம். கனமும் இறுக்கமும் இருப்பதால் தந்தி உரசி உரசிக் கழுத்தில் பள்ளம் விழுவது தாமதமாகும், அதிர்வும் வீணாகாது. 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் புது மரம் வருவது சுருங்கி, விலை ஏறிவிட்டது. பழகுபவர்களுக்கான வாத்தியங்களில் பெரும்பாலும் காரின் மரம், அதாவது வேங்கை இனத்து மரம். குடம் எந்த வகையிலும் காரின்தான்.

தோல்: மெல்லிய வகைகளுக்குப் பூனைத்தோல், த்சுகாருவுக்குத் தடித்த நாய்த்தோல். பலருக்கு இது உறுத்தும். செயற்கைத் தோலும் கங்காருத் தோலும் இப்போது புழக்கத்தில் வந்துவிட்டன. பாச்சி (மீட்டும் தகடு) தந்தியைக் கடந்து போய்த் தோலிலேயே மோதுவதுதான் இங்கே ஆதார அடி. மெல்லிய தோல் அதைத் தாங்காது. மோதும் இடத்தில் அரைநிலா வடிவத்தில் இன்னொரு சிறு தோல் ஒட்டியிருக்கும். பாச்சியின் முனை அங்கேதான் இறங்க வேண்டும்.

கோமா (தந்தியைத் தாங்கும் குதிரை) மூங்கில், மேலே எலும்போ ஆமையோடோ. மற்ற வகைகளைவிடத் தாழ்ந்தது, ஏறத்தாழ 8 மி.மீ. வைக்கும் இடமும் வால் பக்கத்துக்கு நெருக்கம். தாழ்ந்த குதிரை என்றால் தந்திக்கும் தோலுக்கும் இடைவெளி குறைவு, பாச்சி சீக்கிரம் தோலைத் தொட்டுத் திரும்பும், வேகம் வரும். இதைத் தெரியாமல் நாகாஉதா (மெலிந்த கழுத்து ஷாமிசெனுக்கான பாட்டு வகை) பாணிக் குதிரையை வாங்கி வைத்துவிட்டு "அடி ஓடவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

மேருக்கட்டை:
அந்த முதல் தந்தியில் ஒரு "ஜ்ங்ங்" வருகிறதே, அது எங்கே உண்டாகிறது? தம்புரா மாதிரியே கேட்கிறது.

மூன்றுதந்தி:
அதற்கு "சவாரி" என்று பெயர், கொள்கையும் தம்புராவுடையதுதான். மேல் மேருவில் (கழுத்து உச்சியில் தந்தி ஏறும் மேடு) சிறு பித்தளைத் துண்டு இருக்கும். இரண்டாம், மூன்றாம் தந்திகள் அதன்மேல் ஏறிப்போகும். முதல் தந்தி அதில் ஏறாது. நேரே கழுத்து மரத்தில் உள்ள ஒரு சிறு மேட்டை உரசியபடி போகும். அந்த உரசல்தான் ரீங்காரம். தம்புராவில் நூல் வைத்து ஜீவா பிடிப்போம். இங்கே கழுத்தின் பின்புறம் ஒரு திருகு இருக்கும், பெயர் "அசுமா சவாரி". அதைத் திருகினால் முன்பக்கம் ஒரு சிறு கட்டை எழும்பித் தந்தியைத் தொடும்.

எப்படிப் பிடிப்பது: முதலில் திருகை முழுக்கத் தளர்த்தி மூன்று தந்தியையும் சுருதி சேருங்கள். பிறகு முதல் தந்தியை மீட்டிக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சத்தம் மங்கி "டக்" என்று நின்றால் ஏற்றியது அதிகம். ரீங்காரம் நீண்டு, தேய்ந்து, தானே அடங்கினால் சரி. முக்கியமானது, மூன்றாம் தந்தி துல்லியமாகச் சேர்ந்தால் அதை மீட்டும்போதே முதல் தந்தி தானாக ரீங்கரிக்கும். அது ரீங்கரிக்கவில்லையென்றால் சவாரியைத் திட்டாதீர்கள், சுருதியைப் பாருங்கள். பாதிப்பேர் இங்கேதான் திருகைச் சுழற்றிச் சுழற்றிக் கெடுக்கிறார்கள்.

மேருக்கட்டை:
அருமை. சுருதி சேர்ப்பை நம் கணக்கில் நான் எழுதிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்:

ஹொன்சோஷி: ச – ம₁ – ச
நிஅகாரி: ச – ப – ச
சன்சாகாரி: ச – ம₁ – நி₂

நிஅகாரி என்றால் "இரண்டாவது ஏறியது", சன்சாகாரி என்றால் "மூன்றாவது இறங்கியது". ஹொன்சோஷியிலிருந்து பார்த்தால் பெயரே வழி சொல்லிவிடுகிறது. த்சுகாருவின் அடையாளப் பாட்டான ஜொங்காரா நிஅகாரியில் வரும்.

வட ஜப்பான் நாட்டுப்பாட்டில் மிகுதியாக வரும் மின்யோ அளவுக்கோவை ச க₂ ம₁ ப நி₂. அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். உடனே "அப்படியானால் ராகம் ஒன்றே" என்று கிளம்ப வேண்டாம். கமகம் கிடையாது, பிடிகள் வேறு, நிற்கும் சுரம் வேறு. ஆனால் காதைப் பழக்க இது நல்ல கைப்பிடி.

டிராப்டி:
ஷாமிசென் இல்லாதவர்களுக்கு கிதாரில் ஒரு வழி. 4, 3, 2 ஆகிய மூன்று தந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அவை டி, ஜி, பி.

நிஅகாரிக்கு: 4ஆம் தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி சி ஆக்குங்கள், 3ஆம் தந்தியை அப்படியே விடுங்கள், 2ஆம் தந்தியை அரைச்சுரம் ஏற்றி சி ஆக்குங்கள். சி–ஜி–சி. ஜப்பானியர் இந்தச் சுருதியை "4 ஹொன்" என்பார்கள்.
ஹொன்சோஷிக்கு: இதிலிருந்து 3ஆம் தந்தியை மட்டும் எஃப்புக்கு இறக்குங்கள்.
சன்சாகாரிக்கு: அதோடு 2ஆம் தந்தியை பி ஃப்ளாட்டுக்கு இறக்குங்கள்.

வலக்கை கோமாவுக்குப் பக்கம், அதாவது கிதார் பிரிட்ஜை ஒட்டியே. தடித்த பிக். மெட்டல் வாசிப்பவர்களுக்கு ஒரு விசேஷம்: டிராப் டி சுருதியில் (6ஆம் தந்தியை டிக்கு இறக்கியது) கீழ் மூன்று தந்திகள் டி–ஏ–டி. அதுவும் ச–ப–ச, அதாவது நிஅகாரியேதான்! அவோமோரிப் பையன்கள் கனமான ராக்கில் இறங்கியதில் என்ன ஆச்சரியம்.

எண் குறிப்பு படிப்பவர்களுக்கு: ஷாமிசென் தாளில் 4 என்றால் நான்காவது அரைச்சுரம் இல்லை, ஐந்தாவது. 3க்கும் 4க்கும் நடுவே ஒரு ஷார்ப் இடம் உண்டு. 10 என்பது மேல் ச. கிதார் டேப் பழகியவர்கள் முதல் வாரம் முழுக்க இதில் இடறுவார்கள்.

ஆப்பிள்பூ:
யோஷிதா சகோதரர்கள் பற்றி யாரும் எழுதவில்லையே? த்சுகாருவின் பெரிய பெயர் அவர்கள்தானே!

பழையதட்டு:
பாணி த்சுகாரு, ஊர் இல்லை. அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், ஹொக்கைதோவின் நொபோரிபெத்சுக்காரர்கள். 1999ல் முதல் இசைத்தட்டு. இன்னொரு பெரிய பெயரான அகாத்சுமா ஹிரோமித்சு இபாராகி மாவட்டத்தின் ஹிதாச்சிக்காரர். இருவர் தரப்பின் வாசிப்பிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இந்த இழை மண்ணைப் பற்றியது.

மண்ணின் ஆட்கள் என்றால் முதலில் தக்காஹாஷி சிகுசான் (1910–1998). ஹிரனாய் பக்கம் பிறந்தவர். குழந்தையாக இருக்கையில் தட்டம்மை வந்து பார்வை பெரும்பாலும் போனது. தொதா ஜூஜிரோ என்ற போசாமாவிடம் சேர்ந்து, வாசல் வாசலாக நடந்து கற்றவர். போருக்குப் பின் நாட்டுப்பாடகர் நாரிதா உன்சிகுவுக்குப் பக்கவாத்தியமாகப் போனார். "சிகுசான்" என்ற பெயர் உன்சிகு கொடுத்தது. 1970களில் டோக்கியோ ஷிபுயாவில் இருந்த ஜான் ஜான் என்ற சிற்றரங்கில் தொடர்ந்து வாசித்தார். கேட்க வந்தவர்களில் நிறையப் பேர் இளைஞர்கள். வாசல்களில் விரட்டப்பட்ட இசை இப்படித்தான் உட்கார்ந்து கேட்கும் இசையானது. 1997ல் அவருடைய சீடரான ஒரு பெண் இரண்டாம் சிகுசான் என்ற பெயரை ஏற்றார்.

அவருக்கு நேரெதிர் கிதா ரின்ஷோஎய் (1911–1979). அவருடையது "ததாகி", அடித்து வாசிப்பது. சிகுசானுடையது "ஹிகி", மீட்டி வாசிப்பது. இந்த இரண்டு பேரையும் ஒரே ஜொங்காராவில் அடுத்தடுத்துக் கேட்டால் பாணி என்றால் என்னவென்று பத்து நிமிடத்தில் புரியும். என் கட்சி சிகுசான். வேகப்போட்டி பிடித்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

டிராப்டி:
வந்துவிட்டேன் சண்டைக்கு. போட்டி இல்லாவிட்டால் இந்தக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். ஹிரோசாகியில் 1982 முதல் நடக்கும் போட்டிதான் நாடு முழுக்கப் பிள்ளைகளை இதில் இழுத்தது.

பழையதட்டு:
இழுத்தது உண்மை. விலையும் கொடுத்திருக்கிறோம். மேடையில் எல்லோரும் ஜொங்காராவின் தனிவாசிப்பையே எடுத்துவருகிறார்கள். தனிவாசிப்பு ("கியோகுபிகி") எங்கிருந்து வந்தது? பாடகர் குரலைச் சரிசெய்துகொண்டு மூச்சுப் பிடிக்கும் வரை பக்கவாத்தியக்காரர் முன்னால் வாசித்துக்கொண்டிருப்பார். அந்த முன்னுரை நீண்டு நீண்டு தனி உருப்படியானது. அப்படியானால் பாட்டு தெரியாதவருக்கு அந்த முன்னுரை எதற்கு முன்னுரை என்று எப்படித் தெரியும்? ஜொங்காராவிலேயே பழையது, நடுவாந்தரம், புதியது என்று மூன்று நடை இருக்கின்றன. யோசாரே, ஒஹாரா, அய்யா, சன்சாகாரி (சுருதியின் பெயரேதான், இங்கே பாட்டு) என்று மற்ற நான்கு பெரும்பாட்டுகள் இருக்கின்றன. ஜொங்காராவின் வேரே எச்சிகோவின் (இன்றைய நீகாதா) பாட்டு என்று பலரும் கருதுகிறார்கள். பார்வையற்ற பாடகியரான கோசேக்களும் மற்ற நாடோடிகளும் வடக்கே கொண்டுவந்தது. அதைப் பாடிப் பார்க்காமல் விரல் வேகம் மட்டும் பழகினால் வித்தை மட்டும்தான் மிஞ்சும்.

மேருக்கட்டை:
தனி ஆவர்த்தனம் மட்டும் பழகிவிட்டுப் பாட்டுக்கு வாசிக்கத் தெரியாத மிருதங்கக்காரர் மாதிரி. நான் பழையதட்டு பக்கம்.

கடலோரம்:
கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம். ஈரக்காற்றில் இந்தத் தோல் எத்தனை நாள் தாங்கும்? மிருதங்கம் மாதிரி வாரை இழுத்துத் தட்டிச் சரிசெய்ய முடியுமா?

மூன்றுதந்தி:
முடியாது, அதுதான் பெரிய வித்தியாசம். மிருதங்கத்தில் வார் இருக்கிறது, கல்லால் தட்டி ஏற்றலாம். ஷாமிசெனில் தோல் குடத்தின் விளிம்பில் ஒட்டப்படுகிறது. ஒட்டும் பசை பசையரிசி மாவு. ஈரமாக்கிய தோலை மரக்கவ்விகளால் பிடித்து, கயிறும் ஆப்பும் போட்டு இழுத்து, விரலால் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து, கிழியும் எல்லைக்குக் கொஞ்சம் முன்பு நிறுத்துவார்கள். காய்ந்ததும் அதுதான் இறுக்கம். பிறகு கூட்டவோ குறைக்கவோ இயலாது.

கெடுவது இரண்டு விதம். ஈரம் ஏறினால் அரிசிப்பசை இளகி, மூலையில் தோல் பிரிய ஆரம்பிக்கும். சத்தம் தொளதொளக்கும். வறட்சி ஏறினால் தோல் சுருங்கி, ஏற்கெனவே எல்லையில் இருந்த இறுக்கம் எல்லை தாண்டி, "பட்" என்று கிழியும். ராத்திரியில் பெட்டிக்குள்ளேயே கிழிந்த சத்தம் கேட்பது இதனால்தான். ஆகவே ஈரமான அறையிலிருந்து நேராக ஏசி அறைக்குக் கொண்டுபோவதுதான் மோசமான காரியம். பெட்டியோடு அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

வாசித்து முடித்ததும் கோமாவை எடுத்துவிடுங்கள். விட்டால் தோலில் குழி விழும். குடத்தைத் துணியால் துடைத்து, ஜப்பானியத் தாளில் செய்த உறையில் போடுங்கள். தோலை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், வியர்வை எண்ணெய் அங்கேயே உட்கார்ந்துவிடும். கடற்கரை ஊரில் பழகுவதற்குச் செயற்கைத் தோல்தான் என் பரிந்துரை. சத்தம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஆனால் மறுபடி ஒட்ட ஜப்பானுக்கு அனுப்பும் செலவு மிச்சம்.

ஆப்பிள்பூ:
ராக் குழுக்களுக்கு வாருங்களேன்.

டிராப்டி:
நிங்கென் இசு. பெயருக்கு "மனித நாற்காலி" என்று பொருள். ஹிரோசாகிப் பள்ளி நண்பர்கள் வாஜிமா ஷின்ஜி (கிதார்), சுசுகி கென்இச்சி (பேஸ்) 1987ல் தொடங்கியது. 1989ல் "இகாதென்" என்ற தொலைக்காட்சிப் போட்டியில் தோன்றிப் பேசப்பட்டார்கள். மூன்றே பேர், இந்த இருவரும் பாடுவார்கள். 1970களின் பிரிட்டிஷ் கனராக் அடித்தளம், மேலே ஜப்பானியப் பேய்க்கதைச் சூழல், நடுநடுவே த்சுகாருப் பேச்சு. வாஜிமாவின் கிதார் தனியில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தி, திறந்த தந்தியை அடியில் ஒலிக்கவிட்டு ஓடும் இடங்களைக் கவனியுங்கள். கிதாரில் ஷாமிசென் நடக்கும். முப்பது வருடம் சிறிய வட்டத்திலேயே இருந்தவர்களை 2019ல் வந்த ஒரு காணொளி வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவில் வாசித்தார்கள்.

சூப்பர்கார் (1995–2005) அவோமோரிக்காரர்கள்தான். ஆனால் கிதார் இரைச்சலில் தொடங்கி மின்னணு இசைக்குப் போன குழு. ஒலியில் த்சுகாரு வாசனை துளியும் இல்லை. அதில் தப்பும் இல்லை.

பழையதட்டு:
யோஷி இகுசோவை விடக்கூடாது. 1952ல் கனாகியில் பிறந்தவர். "எங்க ஊரில் டிவி இல்லை, ரேடியோ இல்லை, நான் டோக்கியோ போறேன்" என்று 1984ல் வட்டார வழக்கில் பாடி நாட்டையே சிரிக்க வைத்தார். அமெரிக்க ராப் நடையை கிராமத்து வாய்க்கு மாற்றிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று.

ஆப்பிள்பூ:
ஹிரோசாகியின் ரிங்கோமுசுமே! "ஆப்பிள் பெண்கள்". 2000ல் தொடங்கிய குழு. உறுப்பினர்களுக்கு மேடைப்பெயரே ஆப்பிள் ரகங்கள்: 2022 வரை இருந்த ஓரின், ஜோனாகோல்ட் மாதிரி.

வடகாற்று:
திருவிழா மேளத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்று ஊரிலும் காகித விளக்குத் தேர் ஊர்வலம். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் குழம்புகிறார்கள். அவோமோரியில் "நெபுதா", ஹிரோசாகியில் "நெபுதா" என்பதில் பு அழுத்தி "நெப்புதா", கோஷோகவாராவில் 20 மீட்டருக்கு மேல் உயரும் "தாச்சி நெப்புதா". வாத்தியம் மூன்றிலும் பெரிய முரசு, மூங்கில் குழல், ஜால்ரா மாதிரிக் கைத்தாளம். கூவலை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம்: "ரஸ்ஸெரா" என்றால் அவோமோரி, "யாயாதோ" என்றால் ஹிரோசாகி, "யத்தேமாரே" என்றால் கோஷோகவாரா. இதில் ஷாமிசெனுக்கு இடமில்லை. தெருமுரசுக்கு முன்னால் எந்தத் தந்தி கேட்கும்?

நேரில் போகிறவர்கள் கனாகியிலுள்ள த்சுகாரு ஷாமிசென் மண்டபத்தில் நேரடி வாசிப்புக் கேட்கலாம்.

கடலோரம்:
பழகத் தொடங்கி வலக்கை மணிக்கட்டு வலிக்கிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்களே, எதனால்?

மூன்றுதந்தி:
பாச்சியை முஷ்டியாகப் பிடிப்பதால். பிடி மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நுழைய வேண்டும், கட்டைவிரல் விளிம்பில் அழுத்தமில்லாமல் நிற்க வேண்டும். முன்கை குடத்தின் மேல்விளிம்பில் சாய்ந்திருக்கும். அடி பாச்சியின் எடையில் விழட்டும், தோளிலிருந்து தள்ளாதீர்கள். தோலில் மோதியதும் ஒரு கணம் அங்கேயே நிற்கட்டும். தோலில் முழுத் தகடும் படிந்தால் "தப்" என்று மந்தச் சத்தம் வரும், தோலும் சீக்கிரம் போகும். முனை மட்டும் இறங்க வேண்டும்.

கோமா பக்கம் அடித்தால் உரத்தது. கழுத்துப் பக்கம் போனால் மெல்லியது. இந்த இரண்டுக்கும் நடுவே கை போய்வருவதுதான் அலைபோல் ஏறி இறங்கும் அந்த ஓசை. கீழிருந்து தந்தியைத் தூக்குவது "சுகுய்", அதில் தோல் சத்தம் இருக்காது. இடக்கை விரலால் தெறிப்பது "ஹாஜிகி". ஆரம்பத்தில் நிஅகாரியில் திறந்த மூன்றாம் தந்தியில் அடி–சுகுய், அடி–சுகுய் மட்டும், நிமிடத்துக்கு 60 தட்டில், இரண்டு சத்தமும் சம அளவில் வரும் வரை. சுகுய் எப்போதும் சன்னமாகத்தான் வரும். அதற்காக அதை வலிந்து இழுக்காமல், அடியைக் குறைத்துச் சமன் செய்யுங்கள்.

பாச்சி வாங்குகிறவர்களுக்கு: அசல் முனை அழுங்காமை ஓடு. வளைந்து கொடுத்து மீளும் குணம் அதற்குத்தான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானுக்குள் இறக்குமதி நின்றுவிட்டது, இருப்பில் உள்ளதைத்தான் விற்கிறார்கள். எல்லை கடத்தினால் சுங்கத்தில் பறிபோகும். பிளாஸ்டிக் முனைப் பாச்சியே பழகுவதற்குப் போதும். அதன் முனை சொரசொரத்தால் தந்தி அறும், நுண்ணிய உப்புத்தாளால் லேசாக இழைத்துவிடுங்கள்.

கடலோரம்:
நன்றி சார். முடுக்காணி வழுக்குவதற்கும் ஒரு வரி?

மூன்றுதந்தி:
திருகும்போதே உள்ளே அழுத்த வேண்டும், சும்மா சுழற்றினால் நிற்காது. புதுத் தந்தியாக இருந்தால் முடுக்காணி மேல் பழி போடாதீர்கள். தந்தியை நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள், நான்கைந்து முறை. நைலான் அதோடு அடங்கிவிடும். முதல் தந்தி பட்டாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.